‘அம்மா’, ‘அம்மா 2’, ‘அம்மா புதியது’



உங்கள் கைத்தொலைபேசியில் குரல் பதிவுகள் கிடக்கும் இடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘புதிய பதிவு 3’, ‘புதிய பதிவு 14’ என்று ஒரு வரிசை நிற்கும். அவற்றில் எது சங்கக் கூட்டத்தில் கை தவறிப்பட்டுப் பதிவானது, எது உங்கள் அம்மா கடைசியாகப் பாடியது என்று கேட்டுப் பார்க்காமல் சொல்ல முடியுமா? இந்த மாதம் எழுதப்போவது அதைப் பற்றித்தான். பாட்டை எப்படிப் பதிவது என்பதை விட, பதிந்த பாட்டுக்கு எப்படிப் பெயர் வைப்பது, எங்கே வைப்பது என்பது பற்றி.

அலவத்துகொடையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டி மாத்தளைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் இது. எங்கள் கடைவீதி வழியாகப் போவது ஏ9 வீதி. வடக்கில் இருப்பவர்களுக்கு ஏ9 என்றால் ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். 2002 இல் பாதை திறந்ததும் 2006 ஓகஸ்டில் மூடப்பட்டதும் நினைவுக்கு வரும். அதே வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து இந்தத் திசையால்தான் மலைக்கு ஏறினார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு அவர்களின் வழிவந்தவர்கள் பலர் எதிர்த்திசையில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறினார்கள். அங்கே யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. போனவர்களோடு தாலாட்டும் போனது. திரும்பி வந்தவர்களோடு ஒப்பாரியும் வந்தது.

எமது மகளிர் குழுவில் தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். வன்னியிலிருந்து வந்து மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ தங்கியிருக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துச் சகோதரி ஒருவரும் அக்குறணைப் பக்கமிருந்து வருவார். முன்பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டத் தாலாட்டுப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்டதால்தான் பதிவு வேலையே தொடங்கியது. ஆனால் வந்த அம்மாமார் தாலாட்டோடு நிறுத்தவில்லை. ஒருவர் தாலாட்டுப் பாட, பக்கத்தில் இருந்தவர் அப்படியே ஒப்பாரிக்குப் போய்விட்டார். முன்பள்ளிக்குக் கொடுக்கக்கூடியவை ஐந்தாறுதான். மற்றவை எல்லாம் எங்களிடம் தங்கிவிட்டன.

ஒரு பழைய கணினி, ஒரு சின்ன மைக், ஓடாசிட்டி என்ற மென்பொருள். இவ்வளவுதான் எங்கள் கருவிகள். ஓடாசிட்டி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கிய மென்பொருள். 2000 ஆம் ஆண்டு மே மாதம் வெளியானது. இன்றுவரை காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பதிவது, வெட்டுவது, இரைச்சலைக் குறைப்பது எல்லாம் அதிலேயே செய்யலாம். கணினி வகுப்புக்குப் போன இரண்டு பிள்ளைகள் அதை ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள்.

நாற்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ‘பாட்டு’, ‘பாட்டு 1’, ‘பாட்டு புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி திருத்தியது’. ‘அம்மா’ என்ற பெயரில் மட்டும் ஆறு கோப்புகள். தட்டச்சு செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பாடியவரைக் கூட்டிவந்த மகளிடம் “இதுக்கு என்ன பேர் வைக்க?” என்று கேட்டிருக்கிறார்கள். எந்த மகளும் சொல்லக்கூடிய பதில்தானே அது!

வவுனியாவிலிருந்து வந்து ஒரு மாதம் மகளோடு தங்கிப் போன ஒரு முதிய தாய் எங்களுக்காகப் பாடியிருந்தார். பிறகு ஊரில் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அந்தக் குரலைப் போடவேண்டும் என்று மகள் வந்து கேட்டார். ஆறு ‘அம்மா’ கோப்புகளையும் ஒன்றொன்றாகத் திறந்தோம். அந்த அறையில் வேறு பெண்களும் இருந்தார்கள். முதலாவதைத் திறந்ததும் “இது எங்க அம்மா, மிஸ்” என்று ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாவதும் வேறு ஒருவருடையது. ஆறும் முடிந்தது. அவரது தாய் எதிலும் இல்லை. “பிள்ளை, அண்டைக்கு அவ பாடினவதானே? நான் பக்கத்திலதானே இருந்தனான்” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மாலையாகும் நேரத்தில் ‘டெஸ்ட் 2’ என்ற கோப்பில் அந்தக் குரல் கிடைத்தது. மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாய் பாடத் தொடங்கிவிட்டிருக்கிறார். ‘டெஸ்ட்’ என்று பெயரிட்டவற்றை அழித்து இடம் எடுக்கலாம் என்று அதற்கு முந்திய வாரம்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நாள், இடம், பாட்டின் வகை, பாடியவர், வரிசை எண் ஆகியவை இந்த ஒழுங்கில் வரும். எடுத்துக்காட்டாக: ‘2024-03-09_அலவத்துகொட_தாலாட்டு_பா07_01’. ‘பா07’ என்பது பாடியவருக்கான குறி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திகதியில் ஆண்டை முன்னால் போடுவது ஏன் என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் வழக்கமாக எழுதுவது நாள், மாதம், ஆண்டு. ஆனால் கணினி எழுத்தை இடமிருந்து வலமாகப் பார்த்துத்தான் அடுக்கும். நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதங்களின் ஒன்பதாம் திகதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் பதிந்த ஒழுங்கிலேயே தானாக வரிசைப்படும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் 1988 இலிருந்து இந்த ஒழுங்கைத்தான் தரமாக வைத்திருக்கிறது. சாய்கோடு போட்டுத் திகதி எழுத விண்டோஸ் விடாது. கோப்பின் பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி வரக்கூடாது. அதனால்தான் சிறுகோடு. வரிசை எண்ணை 1 என்று எழுதாமல் 01 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில போன்களிலும் ப்ளேயர்களிலும் 1 க்குப் பின் 10 வரும், 2 பின்னால் போய்விடும்.

பெயரைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம். இன்றைய கணினிகளும் போன்களும் யூனிகோட் தமிழை ஏற்றுக்கொள்ளும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுப் பழகியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். பாமினியில் நாம் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. கோப்பின் பெயரில் அந்த எழுத்துரு வராது. ‘தாலாட்டு’ என்று நினைத்துத் தட்டியது ஒரு பொருளுமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும்.

இனிக் கோப்புறைகள். இதில்தான் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. தாலாட்டுக்கு ஒன்று, ஒப்பாரிக்கு ஒன்று, கும்மிக்கு ஒன்று, தெம்மாங்குக்கு ஒன்று என்று வகைப்படி கோப்புறை வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். புத்தகங்களிலும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள். செய்து பார்த்தோம், சரிவரவில்லை. 2009 இல் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் பாடிய பாட்டு எங்களிடம் இருக்கிறது. சொற்கள் எல்லாம் தாலாட்டின் சொற்கள். தொட்டில், மாமன், பால் எல்லாம் வருகின்றன. இழுத்துப் பாடும் விதம் ஒப்பாரி. இதை எந்தக் கோப்புறையில் போடுவது? இரண்டிலும் பிரதி வைத்தால் நாளைக்கு ஒன்றைத் திருத்துவோம், மற்றது அப்படியே இருக்கும். எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அந்தத் தாயிடமே கேட்டோம். “தாலாட்டுத்தான். நான் நித்திரையாக்கத்தான் பாடினனான்” என்றார். பெயரில் தாலாட்டு என்றே எழுதினோம்.

வகைப்படி பிரிக்கும் வேலையையும் அன்றோடு விட்டுவிட்டோம். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் வகைப்படுத்தலில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது படிக்கிறவருக்கு வேண்டியது, பாடுகிறவருக்கு வேண்டியதல்ல. இப்போது எங்கள் கோப்புறைகள் அமர்வுப்படிதான். ஒருநாள் இருந்து பதிந்தவை எல்லாம் அந்த நாளின் கோப்புறையில். வகை மாறலாம், பாடியவர் பற்றிய விபரம் திருத்தப்படலாம்; அன்றைக்குப் பதிந்தோம் என்பது மாறாது. வகையைத் தேட வேண்டுமானால் கணினியின் தேடும் பெட்டியில் ‘தாலாட்டு’ என்று தட்டினால் போதும், பெயரில் அந்தச் சொல் இருக்கிறதே.

ஒவ்வொரு நாளின் கோப்புறைக்குள்ளும் இரண்டு உள் கோப்புறைகள்: ‘மூலம்’, ‘கேட்க’. மூலத்தில் இருப்பதைத் தொடுவதில்லை. நாய் குரைத்தாலும், இடையில் அழுதாலும், “ஐயோ மறந்துபோச்சே” என்றாலும் அப்படியே இருக்கும். பிரதி எடுத்து வெட்டித் திருத்தியது ‘கேட்க’ என்பதற்குள் போகும். இந்த இரண்டும் கலந்துவிட்டால் ஒருநாள் திருத்தியதை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுவோம். இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மூச்சு வாங்கும் சத்தத்தையும் சேர்த்து எடுத்துவிட்ட பதிவை நான் கேட்டிருக்கிறேன். பாட்டு தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பாடியவர் அங்கே இருப்பதுபோலவே இல்லை.

ஓடாசிட்டியில் வேலை செய்கிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய விடயம் ஒன்று. அதில் ‘சேவ்’ செய்தால் உண்டாவது பாட்டுக் கோப்பு அல்ல, வேலைக் கோப்பு. அதை வேறு போனிலோ றேடியோவிலோ போட்டுக் கேட்க முடியாது. கேட்கக்கூடிய கோப்பு வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். பழைய பதிப்புகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. வேலைக் கோப்பு ஒன்றும், அதே பெயரோடு ‘டேட்டா’ என்ற சொல் சேர்ந்த கோப்புறை ஒன்றும் சோடியாக உண்டாகும். உண்மையான ஒலி நூற்றுக்கணக்கான துண்டுகளாக அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். வெளியே நின்று அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, வேலைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனாலோ பாட்டைக் காணவில்லை என்று மென்பொருள் சொல்லும். ஒலி போய்விடவில்லை, தேடும் பெயர் அங்கே இல்லை, அவ்வளவுதான். பழைய பெயரைச் சரியாகத் திரும்ப எழுதினால் மீண்டும் திறக்கும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது விளங்கும்: ஆள் இருக்கிறார், பதிவில் உள்ள விலாசத்தில் இல்லை. 2021 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பாகிவிட்டது. அதை மூடிவிட்டுப் பெயர் மாற்றலாம். உங்கள் நிலையத்துக் கணினி பழையதென்றால் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர் மாற்ற வேண்டுமானால் மென்பொருளுக்குள் இருந்தே வேறு பெயரில் சேமியுங்கள்.

மூலத்தை ‘வேவ்’ வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இறுவட்டின் தரத்தில் ஒற்றை மைக்கில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் பிடிக்கும். 16 கிகாபைட் பென் டிரைவில் ஐம்பது மணித்தியாலம் வரை வைக்கலாம். உலக ஒலி ஆவணக் காப்பகங்கள் இதைவிடக் கூடிய தரத்தைக் கேட்கின்றன. வசதி இருந்தால் செய்யலாம். ‘எம்பி3’ நிமிடத்துக்கு 1 மெகாபைட் அளவுதான், ஆனால் அது ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகிறது. அனுப்பவும் கேட்கவும் எம்பி3 போதும். மூலமாக அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, பாடியவரின் பெயர். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எங்களுக்கு நேரம் எடுத்தது இதுதான்.

நாட்டார் பாடல் என்றால் பாடியவர் பெயர் இருக்காது என்று நாம் பழகிவிட்டோம். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக்கியிருக்காவிட்டால் எத்தனையோ பாட்டுகள் போயிருக்கும். அந்தக் கடன் பெரியது. ஆனாலும் மக்கள் பாடல் என்று சொல்லும்போது பாடிய மனுசி மக்கள் என்ற சொல்லுக்குள் கரைந்துபோகிறாள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தானே பாடி, 1940 இல் சிறு நூலாகவும் அச்சிட்டார். தன் பெயரைப் போட்டார். இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்கள்.

அதனால் முதலில் நான், பாடிய ஒவ்வொருவரின் முழுப் பெயரையும் கோப்பில் எழுத வேண்டும் என்ற பக்கம்தான். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே படிவங்களில் எழுதப்பட்டு வந்த பெண்களுக்கு ஒரு பாட்டிலாவது சொந்தப் பெயர் இருக்கட்டும் என்பது என் எண்ணம். அம்மாமாரிடம் கேட்டபோது எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. சிலர் சந்தோசமாகப் பெயர் சொன்னார்கள். சிலர் தோட்டத்தில் எல்லோரும் கூப்பிடும் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றார்கள், அடையாள அட்டைப் பெயர் தனக்கே பழக்கமில்லை என்று. ஒருவர், “பேரைப் போடாதைங்கோ பிள்ளை. அந்தப் பாட்டில அவன்ர பேர் வருது” என்றார்.

அவர் சொன்னது காணாமல் ஆக்கப்பட்ட மகனை. ஒப்பாரி என்பது பெயர் சொல்லி அழுவது. எங்கே வைத்துக் கொண்டுபோனார்கள், என்ன நிற வாகனம், யார் கூட்டிக் கொடுத்தது என்பதெல்லாம் அதில் வரும். அது பாட்டு மட்டுமல்ல, ஒரு தாயின் முறைப்பாடும்தான். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. அங்கே முறைப்பாடு கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், 2017 இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து படத்தை உயர்த்திப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், எங்கேயும் வாய் திறக்காமல் அடுப்படியில் மட்டும் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே எவ்வளவு சொல்வது என்பதை அந்தந்தப் பெண் தீர்மானித்திருக்கிறாள். கோப்பின் பெயரில் நாம் அதைக் குலைத்துவிடக்கூடாது. பாட்டை ஒருவர் முழுதாகக் கேட்டால்தான் அவனுடைய பெயர் தெரியவரும். கோப்பின் தலையில் எழுதினால் கணினியைத் திறக்கும் எவருக்கும் தெரியும். பென் டிரைவைக் கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கும்போது கடைக்காரப் பையனுக்கும் தெரியும்.

‘பா07’ போன்ற குறிகள் வந்தது இப்படித்தான். எந்தக் குறி யாருக்கு என்பது ஒரு கொப்பியில் மட்டும் இருக்கிறது. கொப்பி கணினிக்குப் பக்கத்தில் இராது, பூட்டிய அலுமாரியில் இருக்கும். பெயர் போடச் சொன்னவர்களின் கோப்புகளில் குறிக்குப் பதிலாகப் பெயரே இருக்கிறது, அவர்கள் சொன்ன எழுத்துக்கூட்டலில். கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பெயர், பிறந்த ஊர், பாட்டை யாரிடம் கற்றார், பெயர் போடலாமா, யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம், பிறகு திகதியும் கையெழுத்தும். கையெழுத்து வைக்க மாட்டாதவர்கள் வாயால் சொல்வதையே பதிந்துகொள்கிறோம்.

பாட்டு தொடங்குமுன் பதிவிலேயே திகதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரை யார் மாற்றினாலும் ஒலிக்குள் இருப்பது அங்கேயே இருக்கும். பெயர் வேண்டாம் என்றவரின் பதிவில் பெயரைச் சொல்ல வேண்டாம். “வாங்க, லட்சுமி அக்கா, இருங்க” என்று நாம் வரவேற்பதும் பதிவாகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ஊரறிந்த குரலுக்குப் பெயரை மறைத்தாலும் பயனில்லை என்பதும் உண்மை. அப்படிப்பட்டவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும், பின்னர் ஒலிப் பதிவுகளையும்கூட எண்ணிம வடிவில் பேணிவருகிறது. எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. மூன்று பிரதிகள் வைத்து, அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருந்தால் சரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டம்தான் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது. அலவத்துகொடப் பக்கத்திலும் வீடுகள் மண்ணுக்குள் போயின. வீட்டை விட்டு ஓடும்போது எவரும் வன்தட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், தேடவும் கூடாது. எங்கள் மூன்றாவது பிரதி வவுனியாவில் ஒரு சகோதரியின் வீட்டில் இருக்கிறது. குறிக் கொப்பியின் பிரதி அதோடு போவதில்லை; அது வேறொருவரிடம்.

வட்ஸ்அப்பில் வந்த குரலையே வைத்துக்கொண்டு இருப்பவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து மகன் பேசியது, ஊரிலிருந்து தாய் பாடி அனுப்பியது. அன்ட்ரொயிட் போனில் அந்தக் கோப்பின் பெயர் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு திகதியும் ஒரு இலக்கமுமாக இருக்கும். அந்தத் திகதி உங்கள் போனுக்கு வந்த நாள், பாடிய நாள் அல்ல. போன் நிரம்பும்போது முதலில் அழிபடுவதும் இவைதான், பெயரைப் பார்த்தால் எதுவென்று விளங்காதபடியால். இன்றைக்கு வேறெதுவும் செய்ய நேரமில்லை என்றால், அதில் ஒன்றைத் தேர்ந்து உங்களுக்கே நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலிலோ பிள்ளையின் கணினியிலோ சேமித்து, யார், எப்போது, என்ன என்று மூன்று சொல்லில் பெயர் எழுதுங்கள்.

பெயரை மறைக்கச் சொன்ன அந்தத் தாய் சென்ற ஆவணி மாதம் திரும்ப வந்தார். இப்போது மகனின் பெயரையும் தன் பெயரையும் போடலாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொப்பியில் அன்றைய திகதியோடு எழுதி, அவரைக் கொண்டே கையெழுத்து வைப்பித்தோம். பிறகு இங்குள்ள இரண்டு பிரதிகளிலும் பெயரை மாற்றி, பழைய குறி எது என்பதையும் எழுதிவைத்தோம். வவுனியாவில் இருப்பதை மாற்ற அடுத்த மாதம் போக வேண்டும்.